கலம்: காம்பராவா, கலயமா?

போன வாரம் டியூஷனில் தரம் 10 பையன் ஒருவன் கையை உயர்த்தினான். "சேர், யூடியூப்ல செல்லுங்கிறாங்க. இன்னொரு வீடியோவுல உயிரணுங்கிறாங்க. நம்ம புத்தகத்துல கலம்னு போட்டிருக்கு. மூணும் ஒண்ணுதானா, வேற வேறயா?"

ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். ஆனால் அக்கரையில், அதாவது தமிழ்நாட்டில், ஒரு சொல்லும் இங்கே இலங்கையில் ஒரு சொல்லும் ஏன் என்று அடுத்த கேள்வி வந்தது. அன்றைக்கு நடக்க வேண்டிய சுவாசப் பாடம் நடக்கவே இல்லை.

முதலில் பொருள். தனக்கு வேண்டியதை உள்ளே எடுத்து, அதிலிருந்து சக்தி பெற்று, கழிவை வெளியே தள்ளி, தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கக்கூடிய மிகச் சிறிய உயிருள்ள அலகுதான் கலம். பற்றீரியாவுக்கு உடம்பே ஒரு கலம். மனித உடம்பில் ஏறக்குறைய 37 லட்சம் கோடி. தாவரக் கலங்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைக்கும் இருக்கும். வெறுங்கண்ணுக்குச் சிக்காது, நுணுக்குக்காட்டி வேண்டும். நான் படித்த பாடசாலையிலும் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. அலுமாரிக்குள் பூட்டியே இருந்தது. சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை அதன் உறையைத்தான் பார்த்தோம்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? 1665இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் போத்தல் மூடியாகப் பயன்படும் தக்கையைப் பேனாக்கத்தியால் மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரி பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. மனிதர் விடவில்லை, எண்ணிக் கணக்குப் போட்டார். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேல் பெட்டிகள் என்று எழுதினார். அந்தப் பெட்டிகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். இலத்தீனில் 'செல்லா' என்றால் சிற்றறை. மடத்துத் துறவி தங்கும் அறையும் சிறை அறையும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

சிற்றறை என்று சொன்னதும் எங்கள் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்து லயம் இருக்கிறது. ஒரே கூரை, ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர், வரிசையாகக் காம்பராக்கள். நான் பிறந்த காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. காம்பரா என்ற சொல்லே போர்த்துக்கீசரின் 'காமரா'வில் இருந்து வந்தது, அவர்களுக்கு அது அறை. ஹூக் எழுதியதை அந்தக் காலத்தில் தோட்டத்து ஆள் யாராவது தமிழாக்கியிருந்தால், இன்றைக்குப் பாடநூலில் தாவரக் காம்பரா, விலங்குக் காம்பரா என்றுதான் இருந்திருக்கும்.

ஆனால் ஹூக் பார்த்தது ஆள் இல்லாத லயம். தக்கை என்பது மரப்பட்டையின் இறந்த பகுதி. உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ காய்ந்து போய், சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. குடியிருந்தவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்து வைத்த பெயர் 'செல்'. உயிர் என்பது சுவரில் இல்லை, உள்ளே இருப்பதில்தான் என்று ஆட்கள் தெளிவாகப் பேச இன்னும் நூற்றைம்பது வருசத்துக்கு மேல் ஆனது. 1831இல் ராபர்ட் பிரவுண் ஓர்க்கிட் செடியின் கலங்களுக்குள் உருண்டையான ஒன்றைக் கவனித்துப் பெயர் வைத்தார். அதைத்தான் நாம் கரு என்கிறோம். தாவரங்கள் எல்லாம் கலங்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லெய்டன் சொன்னார். விலங்குகளும் அப்படித்தான் என்று அடுத்த வருசம் ஷ்வான் சொன்னார். அங்கேதான் பெயரில் இருந்த கோளாறு வெளியே வந்தது. விலங்குக் கலத்துக்குச் சுவரே கிடையாது, மெல்லிய சவ்வு ஒன்றுதான். சுவரில்லாத ஒன்றை அறை என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் பழகிவிட்ட பெயரை மாற்ற முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

நம் சொல்லுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கலம் என்றால் பாத்திரம். சோறு போட்டுச் சாப்பிடுவது உண்கலம், மண்ணில் வனைந்தது மட்கலம். கடலில் ஆளையும் சரக்கையும் ஏற்றிப் போவது மரக்கலம், இப்போது வானத்தில் போவது விண்கலம். நெல் அளக்கிற கணக்கிலும் கலம் உண்டு, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கெட்ட வழியில் சேர்த்த பொருள் பசுமண் கலத்தில் ஊற்றிய நீர் மாதிரி என்று திருக்குறள் 660 சொல்கிறது. சுடாத மண்பானையில் தண்ணீர் நிற்காது, பானையையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மலையாளத்தில் இன்றைக்கும் கலம் என்றால் பானைதான். எங்கள் லயத்தில் யாரும் கலம் என்று தனியாகச் சொல்லிக் கேட்டதில்லை, கலயம் என்று சொல்வார்கள். பாடத்தை நான் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்ட அப்பாயி, "என்னடா, கஞ்சிக் கலயமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. சிரித்தேன். இப்போது யோசித்தால் அப்பாயி ஹூக்கை விடக் கிட்ட வந்திருக்கிறது. ஒரு கலயத்தைப் பற்றி யாராவது பேசினால் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்போம். சவ்வால் ஆன கலயம், உள்ளே கஞ்சி மாதிரிக் குழகுழவென்று ஒரு திரவம், அதில் மிதக்கும் புன்னங்கங்கள், அதாவது கலத்தின் குட்டி உறுப்புகள். விலங்குக் கலத்துக்கு இதைவிட நல்ல படம் சொல்ல எனக்குத் தெரியாது.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. உயிரியலில் கலத்தோடு சம்பந்தப்பட்ட சொற்கள் நிறைய 'சைட்டோ' என்று தொடங்கும், அல்லது 'சைட்' என்று முடியும். அதன் வேர் 'கைட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல். பொருள், குழிவான பாத்திரம். இலத்தீன்காரர் பெயரில் அறை, கிரேக்கர் பெயரில் பாத்திரம். தமிழ்க் கலம் வந்து நின்றது கிரேக்கர் பக்கத்தில். இலங்கைப் பாடநூலில் குழியவுரு, செங்குழியம், வெண்குழியம் என்று வருகிற இடங்களில் எல்லாம் அந்தக் குழிவு அப்படியே தெரியும். கலத்துக்குள் கருவுக்கு வெளியே நிறைந்திருப்பது குழியவுரு. குருதியில் ஒட்சிசனைச் சுமந்து போவது செங்குழியம். அதற்குக் கருவே இல்லை, சுமார் 120 நாள் ஓடிவிட்டு அழிந்துவிடும். ஒரே பொருளுக்குக் கலம் என்றும் குழியம் என்றும் இரண்டு சொல் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் குழப்பம் நாம் உண்டாக்கியது இல்லை. ஆங்கிலத்திலும் இலத்தீன் சொல்லும் கிரேக்கச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன.

இங்கே இப்படிச் சொல் கட்டும் வேலை புதிதும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். பிறகு 1950களில் பாடசாலைகள் தாய்மொழிக்கு மாறியபோது அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகச் சொற்றொகுதி வெளியிட்டது. இழையம், நொதியம், நிறமூர்த்தம், ஒளித்தொகுப்பு என்று நாங்கள் நெட்டுருப் போட்டதெல்லாம் அந்த வழியில் வந்தவை. அக்கரைப் பாடநூலில் இவற்றுக்குத் திசு, நொதி, குரோமோசோம், ஒளிச்சேர்க்கை. இந்தப் பக்கம் சில சொற்கள் பல்லை உடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். 'அகமுதலுருச் சிறுவலை' என்று ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளைக்கு நான் டொபி கொடுப்பதுண்டு.

உயிரணு என்ற சொல்லில் எனக்கு இரண்டு தகராறு. அணு என்றால் அதற்கு மேல் பிளக்க முடியாத நுண்மை என்பதுதான் பழைய பொருள். கலமோ பிளந்து பிளந்தே வாழ்கிறது. வேதியியல் பாடத்தில் அணு என்று படித்த பிள்ளை, உயிரணுவுக்குள் கோடானுகோடி அணுக்கள் என்று படிக்கும்போது தலையைச் சொறிகிறது. இரண்டாவது, தமிழ்நாட்டுக் குழந்தையின்மைச் சிகிச்சை விளம்பரங்களில் உயிரணு என்றால் வேறு ஒன்று. வகுப்பில் பின்வாங்கு பையன்கள் சிரித்தால் காரணம் அதுதான். கண்ணறை என்றும் சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகான சொல், ஆனால் மறுபடியும் அறை, மறுபடியும் ஹூக்கின் தக்கை. 'செல்' பேச்சுக்குச் சரி, கைப்பேசியோடு முட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், டோர்ச்சுக்குப் போடும் செல்லுக்கு அக்கரையிலும் மின்கலம் என்ற சொல் உண்டு. மின்சாரத்துக்குக் கலம் ஆகுமென்றால் உயிருக்கு ஆகாதா?

இவ்வளவும் சொல்லி முடித்துப் பையன்களின் முகத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் யன்னலுக்கு வெளியே. சரி என்று ஒருவனை அனுப்பி, கீழே மலையில் இருந்து ஒரு தேயிலைக் கொழுந்து கிள்ளி வரச் சொன்னேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கி மேசையில் வைக்கச் சொன்னேன். கால் மணித்தியாலத்தில் ஓரங்கள் செம்பு நிறமாகத் திரும்பத் தொடங்கின. கசக்காமல் வைத்த இலை பச்சையாகவே கிடந்தது.

கலம் என்ற சொல்லின் பொருள் அந்த மேசை மேல் இருந்தது. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபீனோல்கள் கலத்தின் நடுவில் உள்ள புன்வெற்றிடத்தில் அடைபட்டிருக்கின்றன. பெயரில்தான் வெற்றிடம், உள்ளே நிறையச் சாறு. முதிர்ந்த தாவரக் கலத்தில் பெரும்பகுதி இடத்தை அதுதான் பிடித்துக்கொள்ளும். அந்தப் பொலிபீனோல்களை ஒட்சிசனோடு சேர்த்துவைக்கும் நொதியம் புன்வெற்றிடத்துக்கு வெளியே, பெரும்பாலும் இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிகளுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மென்சவ்வுகள். ஒரே கலத்துக்குள் இருந்தும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. கசக்கினால் சவ்வு கிழிகிறது, இரண்டும் கலக்கிறது, நிறம் மாறுகிறது.

ஸ்டோரில் நடப்பதும் இதுவேதான். எங்கள் ஆட்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை என்றைக்கும் ஸ்டோர்தான். கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். நீர் குறையக் குறையக் கலங்களின் விறைப்பு போய், இலை நொறுங்காமல் துவளும். அப்புறம் உருட்டும் இயந்திரத்தில் போட்டால் கலங்கள் உடைந்து சாறு இலையின் மேல் பூசிக்கொள்ளும். அதன் பிறகு பரப்பிவைப்பதை நொதிக்க வைப்பது என்கிறார்கள். உண்மையில் அங்கே மதுவம் (ஈஸ்ட்) எதுவும் வேலை செய்வதில்லை, நடப்பது ஒட்சியேற்றம். இலையின் சொந்த நொதியமே செய்கிற வேலை. போதும் என்றதும் சூடு கொடுத்து நொதியத்தை அடக்கிவிடுவார்கள். பச்சைத் தேயிலைக்கு இந்தச் சூட்டை முதலிலேயே கொடுத்துவிடுவதால் அது பச்சையாகவே நிற்கிறது. எப்படியோ, நாம் குடிக்கிற பிளேன்டீயின் சிவப்பு, கலம் உடைந்த சிவப்பு.

உடைவதைச் சொன்னால் உண்டாவதையும் சொல்ல வேண்டும். கலத்திலிருந்துதான் கலம் வரும் என்று ஜெர்மன் மருத்துவர் விர்க்கோ 1850களில் அடித்துச் சொன்னார். வீ.பீ. தேயிலை, அதாவது விதை போடாமல் துண்டு நட்டு வளர்க்கும் தேயிலை, அதன் நாற்றுமேடையில் வேலை செய்த யாருக்கும் இது செய்தியே இல்லை. ஓர் இலையும் அதன் கணுவும் சேர்ந்த சின்னத் துண்டை வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பைக்குள் செருகுவார்கள். சில வாரங்கள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் வெட்டுவாயில் வெளிர் நிறத்தில் ஒரு தடிப்பு இருக்கும். காயம்பட்ட இடத்துக் கலங்கள் பிரிந்து பிரிந்து கட்டிய மேடு அது. வேர் அந்த அடியிலிருந்து கிளம்பும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டீ.ஆர்.ஐ.) தந்த டீ.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் மலை மலையாகப் பரவியது இப்படித்தான். விதையே இல்லாமல், ஒரு செடியின் கலங்கள் பிரிந்துகொண்டே போனதால்.

கடைசியாக எழுத்துப் பிழை. கலம், கலன் இரண்டும் சரிதான். ஆனால் குருதிக் கலன் என்பது இரத்தம் ஓடும் குழாய், குருதிக் கலம் என்பது அதற்குள் ஓடுவது. இதை மாற்றி எழுதினால் விடையே மாறிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை லகரமும் ளகரமும். எங்கள் பிள்ளைகளின் காதில் சின்ன வயதிலிருந்து விழுவது பிரட்டுக்களம், காலையில் பேர் போடக் கூடுகிற இடம். அதனால் பத்துக் கொப்பியில் நான்கிலாவது 'தாவரக் களம்', 'விலங்குக் களம்' என்று இருக்கும். போன தவணை ஒரு கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: "விலங்குக் களம் என்றால் சிறுத்தை எல்லாம் விடிய எழும்பி வந்து கணக்குப்பிள்ளையிடம் பேர் போடுகிற இடம்." அடுத்த நாள் அந்தப் பிள்ளை பிழையைத் திருத்திக்கொண்டு வந்தாள். சிறுத்தையையும் கூடையோடு வரைந்திருந்தாள்.