அஞ்சு ஆண், ஒரே ஒரு பெட்டை
போன ஜூலை லீவுல தென்னாப்பிரிக்காவுல எங்க ஊரு டர்பன்லேர்ந்து மச்சானோட பக்கிய, அதான் பிக்கப் வண்டிய, எடுத்துக்கிட்டு குடும்பமா கிரேடாக் பக்கத்துல இருக்குற மவுண்டன் ஸீப்ரா நேஷனல் பார்க்குக்குப் போனோம். காரூ வறண்ட பூமி, கரும்புத் தோட்டத்துக்கு நடுவுல வளர்ந்த எனக்கு அந்தப் பழுப்பு நிறமே புதுசு. காலைல கண்ணாடிய இறக்குனா பல்லு கிட்டுற குளிரு, ரோட்டோரமா ஒரு வரிக்குதிரை மேஞ்சிட்டிருக்கு, அது புல்லக் கடிச்சு இழுக்குற சத்தம் எங்களுக்குக் கேக்குது. ஹ்லுஹ்லுவே பார்க்குல பாக்குற சாதாரண வரிக்குதிரை மாதிரி இல்ல இது. தொண்டைல மாட்டுக்கு இருக்குற மாதிரி சின்னதா அலைதாடி, வயித்துல கோடே இல்ல, வெள்ளை, வாலுக்கு மேல மட்டும் ஏணிப்படி மாதிரி நெருக்கமா குறுக்கு வரி.

கேப் மலை வரிக்குதிரைன்னு பேரு. வேட்டையாடியும், ஆட்டுக்குப் புல்லு வேணும்னு பண்ணைக்காரங்க சுட்டும், 1950கள்ல மொத்தமே நூறுக்கும் கீழ வந்துடுச்சு. இதே காரூவுல திரிஞ்ச குவாகாங்கற இன்னொரு வரிக்குதிரை வகை அதுக்கும் முன்னாடியே போயிடுச்சு, கடைசி ஒண்ணு 1883ல ஆம்ஸ்டர்டாம் ஜூவுல செத்துச்சு.

1937ல இந்த மலை வரிக்குதிரைக்காகவே இந்த நேஷனல் பார்க்கை ஆரம்பிச்சப்ப உள்ள இருந்தது ஆறு. அஞ்சு ஆண், ஒரே ஒரு பெட்டை. பெட்டை ஒரு வருஷம் சுமக்கும், ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு சராசரியா ரெண்டு வருஷம் ஆகும், அந்தக் குட்டி வளர்ந்து தானும் தாயாக அஞ்சு வருஷத்துக்கு மேல. ஒத்தைப் பெட்டைய வச்சு இந்தக் கணக்கு எப்படித் தேறும்? 1950ல மிஞ்சினது ரெண்டே ரெண்டு ஆண். பாதுகாப்புன்னு சட்டம் போட்டாச்சு, மேய்ச்சல் இருந்துச்சு, இருந்தும் போச்சே, இத எப்ப நெனச்சாலும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

அதே 1950ல பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர் தன் நிலத்துல காப்பாத்தி வச்சிருந்த 11 வரிக்குதிரையக் குடுத்தாரு, அஞ்சு ஆண், ஆறு பெட்டை. இந்தத் தடவை பெருகுச்சு. 1964ல இன்னொரு பண்ணைலேர்ந்தும் சேத்தாங்க. இன்னிக்கு நாடு பூரா ஆயிரக்கணக்குல இருக்குறதுல பெரும்பாலும் இந்த கிரேடாக் வம்சம்தான். ஏன் பெருகுச்சுன்னா இதுங்க வாழுறதே குடும்பமாத்தான், ஒரு ஆண், சில பெட்டை, குட்டிங்க, இவங்க வருஷக்கணக்கா பிரியாம இருப்பாங்க, ஜோடி இல்லாத ஆண்கள் தனிக் கூட்டமா சுத்தும். அதனால எத்தனை தலைன்னு எண்ணுனா மட்டும் பத்தாது, யாரு யாருன்னு பாக்கணும்.

நிஜப் பாலைவனத்துலயும் இதான் நடந்துச்சு. அரேபிய ஓரிக்ஸ்ங்கற மான் வகை 1972ல காட்டுல அழிஞ்சே போச்சு, ஜூவுல வளர்த்தத 1982ல ஓமான்ல விட்டப்ப ஒவ்வொண்ணா விடாம, முதல்ல வேலிக்குள்ள ஒண்ணா பழக விட்டு, மந்தையாத்தான் வெளிய அனுப்புனாங்க.

சீட்டா, சிங்கத்துக்கு வேற பிரச்சினை. புது எடத்துக்குக் கொண்டு வந்து சும்மா கதவத் தொறந்து விட்டா பழைய வீட்டத் தேடிக் கிளம்பிடும். அதுக்குத்தான் போமா, நம்ம ஊர் மாட்டுப் பட்டி மாதிரி ஒரு அடைப்பு, சுத்தி கரண்ட் கம்பி. சில வாரம் அதுக்குள்ளயே தீனி போட்டு வைப்பாங்க, அந்த எடத்து வாசனையும் சத்தமும் பழகிடும், கம்பியத் தொட்டா சுரீர்னு அடிக்கும்ங்கறதும் பழகிடும், அப்புறம் பார்க்கோட வெளி வேலியையும் தாண்டாது. 2007ல இங்க சீட்டா திரும்ப வந்துச்சு.

எண்ணிக்கை ஏறுனாலும் ஒரு பயம் இருக்கு. கொஞ்சப் பேர்லேர்ந்து வந்த வம்சம், வேற ரத்தம் பெரும்பாலும் கலக்கவே இல்ல. போண்ட்டிபோக்ங்கற இன்னொரு பார்க்குல வச்சிருந்த வரிக்குதிரைங்களுக்குத் தோல்ல கட்டி கட்டியா வந்துச்சு, நெருங்கின ரத்தத்துலயே பெருகுனதோட அதுக்குத் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. டி ஹூப்ங்கற காப்பகத்துல கிரேடாக் வம்சத்தையும், தனியாத் தப்பிப் பிழைச்ச கம்மானாசி மலை வம்சத்தையும் சேத்து வச்சிருக்காங்க. இந்தக் கலப்பு இன்னும் நாலு எடத்துல நடக்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன்.

சாயங்காலம் திரும்புறப்ப மேட்டு மேல ஒரு கூட்டம். பையன் விரல் விட்டு எண்ணி "ஏழுப்பா"ன்னான். சரிடா, அதுல ஆண் எதுன்னு பாருன்னேன். ரொம்ப நேரம் பாத்தான். ஓரமா நின்னு தலையத் தூக்கி எங்க வண்டியையே மொறைச்சிட்டிருந்தத காட்டுனான். மத்ததெல்லாம் பெட்டையும் குட்டியும், ஒரு குட்டி தாயோட மடிய முட்டி முட்டிப் பால் குடிச்சிட்டிருந்துச்சு.