ஃப்ரீ த்ரோ கோட்டில் மூளை என்ன செய்கிறது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ், பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய நான்கு நொடிகூட இல்லை. அமெரிக்கா பிரான்ஸைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது. அமெரிக்காவின் கலியா காப்பருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், ஒன்றுக்கு ஒரு புள்ளி தரும் எறிதல். இரண்டையும் போட்டார், 67-64. அடுத்த சில நொடிகளில் பிரான்ஸின் கேப்பி வில்லியம்ஸ் எறிந்த பந்தும் உள்ளே விழுந்தது. ஆனால் அவருடைய கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் இரண்டு புள்ளிதான் கிடைத்தது. 67-66, தங்கம் அமெரிக்காவுக்கு. காப்பர் ஒன்றை விட்டிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். இரண்டையும் விட்டிருந்தால் கதையே வேறு.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஜெயிக்க வேண்டும் என்ற வெறிதான் காரணம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். அந்தக் கோடு வரை ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது வெறியாக இருக்கலாம். பந்து கையை விட்டுப் போகும் நொடியில் அதே வெறி எதிரியாகிவிடும்.

ஃப்ரீ த்ரோவில் யாரும் தடுக்க வருவதில்லை, தூரமும் மாறுவதில்லை. பார்க்க எளிது. ஆனால் வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 45.7 சென்டிமீட்டர், பெண்கள் ஆடும் பந்தின் விட்டம் 23. பாதிக்குப் பாதி இடம் இருக்கிறதே என்று தோன்றும். அது நேர் மேலிருந்து விழும் பந்துக்கு மட்டும். 30 பாகைச் சாய்வில் தட்டையாக வரும் பந்துக்குத் திறப்பு 23 சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. விளிம்பில் படாமல் நுழைய வழியே இல்லை. அதனால்தான் நல்ல வீராங்கனைகள் பந்தை வில்லாக வளைத்து, விரல் நுனியால் பின்சுழற்சி கொடுத்து எறிகிறார்கள். மணிக்கட்டில் சின்னப் பிசகு வந்தாலும் பந்து விளிம்பில் மோதித் திரும்பிவிடும்.

பதற்றம் கைவைப்பதும் சரியாக இங்கேதான். அட்ரீனலின் ஏறுகிறது, இதயம் படபடக்கிறது, விரல்கள் லேசாக நடுங்குகின்றன. ஓடுவதற்கும் குதிப்பதற்கும் இது உதவும், நுணுக்கமான அசைவுக்கு உதவாது. கோட்டில் நிற்பவர்கள் மூச்சை மெல்ல வெளியே விடுவதைக் கவனித்திருப்பீர்கள். அது வெறும் பழக்கம் அல்ல. மூச்சை நீளமாக வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு, துடிப்பைக் கொஞ்சம் தணிக்கிறது.

உடம்பைவிடப் பெரிய தொல்லை கவனத்தில் இருக்கிறது. பல்லாயிரம் முறை எறிந்து பழகிய அசைவை மூளை தானாகவே நடத்தும். ‘இதைப் போட்டே ஆகணும்’ என்ற எண்ணம் வந்ததும், முழங்கை சரியா, மணிக்கட்டு சரியா என்று கண்காணிக்கத் தொடங்குகிறோம். படி இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்தால் கால் தடுமாறுமே, அதே கதை. அழுத்தத்தில் தேர்ந்தவர்களும் சொதப்புவதற்கு உளவியலாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கங்களில் இது ஒன்று.

சரி, அப்படியானால் கவனத்தை எங்கே வைப்பது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், ஃப்ரீ த்ரோ எறியும் வீராங்கனைகளின் கண்ணசைவைப் பதிவுசெய்து 1996ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மிகத் தேர்ந்தவர்கள், எறியும் அசைவு தொடங்குவதற்குச் சற்று முன்பே வளையத்தின் ஒரே இடத்தில் பார்வையை நிறுத்தி, ஏறக்குறைய ஒரு நொடி அசையாமல் வைத்திருந்தார்கள். அவர்களைவிடக் குறைந்த தேர்ச்சி உள்ளவர்களின் கண் அதில் பாதி நேரம்கூட நிலைக்கவில்லை. பதற்றம் கூடும்போது இந்த நிலைத்த பார்வை சுருங்குகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நல்ல செய்தி என்னவென்றால், இது பிறவிக் குணம் அல்ல. பயிற்சியால் நீட்டிக்க முடியும்.

அமெரிக்க வீராங்கனை எலினா டெல்லி டான் இதற்குக் கச்சிதமான உதாரணம். 2019ல் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணியோடு அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் கோப்பையை வென்றார். அந்த லீக் சீசனில் எறிந்த 117 ஃப்ரீ த்ரோக்களில் 114 உள்ளே போயின. அவர் செய்தது ஒவ்வொரு முறையும் ஒன்றேதான்: பந்தை மூன்று முறை தரையில் தட்டுவது, கையை ‘எல்’ எழுத்துபோல மடக்குவது, தூக்குவது, மணிக்கட்டைச் சுண்டுவது. சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி. ஸ்கோரைப் பற்றி நினைக்க அந்த வரிசையில் இடமே இருக்கவில்லை.

அப்புறம் ஜெயிக்க வேண்டும் என்ற அந்த வெறி எங்கே போகிறது? பயிற்சிக்கு. வெறும் ஜிம்மில் நிதானமாக நூறு எறிவது ஒரு வகைப் பயிற்சி. மைதானத்தின் இரு முனைக்கும் முழுவேகத்தில் ஓடிவிட்டு, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே கோட்டில் வந்து நின்று இரண்டே இரண்டு எறிந்துவிட்டு மறுபடி ஓடுவது இன்னொரு வகை. ஆட்டத்தில் நடப்பது இரண்டாவதுதான். சாம்பியன் ஆக ஆசைப்படுபவர்கள் அதைத்தான் தேடிப்போய்ச் செய்கிறார்கள், பார்க்க ஆளே இல்லாத நேரத்திலும்.