ஜூலையில் ஸ்வெட்டர் எதற்கு?

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாராம். “கோடைதானே, பருத்திப் புடவை போதும் என்றேன். ஸ்வெட்டர் இல்லாமல் வராதே அம்மா என்கிறாள். ஆனால் அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சாக்ரமெண்டோவில் வெயில் நம் ஊரைவிட மோசமாம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இந்தக் கோடை அங்கே எப்படித்தான் இருக்கும்?”

மகள் சொல்வது அப்படியே உண்மை, அம்மா. ஜூலையில் சாக்ரமெண்டோவின் பகல் வெப்பநிலை சராசரியாக 34 டிகிரியை ஒட்டி இருக்கும். சாலை வழியே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் அது சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஏறக்குறைய அதே அட்சரேகையில் இருக்கும் ஏதென்ஸ் நகரம் அந்த மாதத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே சூரியன்மீது பழி போட முடியாது. காரணம் கடலில் இருக்கிறது. உச்சக் கோடையிலும் அந்தக் கரையோர நீர் 12 முதல் 15 டிகிரிதான். கணுக்கால் நனைத்து நின்றால் சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும்.

அலாஸ்கா பக்கமிருந்து வரும் குளிர் நீரோட்டம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அது மட்டுமே காரணமென்றால், கரையிலிருந்து 200 கிலோமீட்டர் மேற்கே போனாலும் நீர் அதே குளிரில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. நடுக்கடலை நோக்கிப் போகப் போக நீர் சில டிகிரி சூடாகிறது. கரையை ஒட்டிய பட்டைதான் மிகவும் குளிர்ந்திருக்கிறது. அப்படியானால் குளிர் வடக்கிலிருந்து மட்டும் வரவில்லை, கீழேயிருந்தும் வருகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதில் எனக்குச் சலிப்பே வருவதில்லை. கதை ஆர்க்டிக் பனியில் தொடங்குகிறது. 1893-ல் நார்வேயின் ஃபிரிட்ஜாஃப் நான்சென் ‘ஃப்ராம்’ என்ற கப்பலைத் தெரிந்தே பனிக்கட்டியில் சிக்க வைத்தார். பனியோடு சேர்ந்து நகர்ந்து வட துருவத்தை நெருங்குவது அவர் திட்டம். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கப்பல் பனியின் பிடியில் கிடந்தது. துருவம் கிட்டவில்லை. ஆனால் அவர் ஒன்றைக் குறித்துக்கொண்டு வந்தார்: காற்று வீசும் திசையில் பனி நகரவில்லை, எப்போதும் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகியே நகர்ந்தது. இதற்குக் கணக்கு போட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த வாக்ன் வால்ஃபிரிட் எக்மன் என்ற இளைஞர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1905-ல் வெளிவந்தது.

ஒரு கவுளி வெற்றிலையை அடுக்கி, மேல் இலையில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் இலை நகரும்போது அடுத்த இலையையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அது அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம் குறைவாக இழுக்கும். கடலிலும் காற்று மேல் அடுக்கைத்தான் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் விலகும்; கொரியோலிஸ் விளைவு என்று பள்ளியில் படித்ததுதான். முதல் அடுக்கு சற்று வலப்பக்கம் திரும்புகிறது. அது இழுக்கும் இரண்டாவது அடுக்கு, ஏற்கெனவே திரும்பிய திசையிலிருந்து மேலும் வலப்பக்கம் திரும்புகிறது, வேகமும் குறைகிறது. இப்படிச் சில பத்து மீட்டர் ஆழம்வரை, சுழல் படிக்கட்டு இறங்குவதுபோல, திசை திரும்பிக்கொண்டே போய் அசைவு அடங்கிவிடுகிறது. இந்த அடுக்குகளின் ஓட்டத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை, மொத்த நீரும் காற்றுக்குச் சரியாக 90 டிகிரி வலப்பக்கம் போகிறது என்பது! காற்று தெற்கே தள்ளுகிறது, கடல் மேற்கே போகிறது. முதன்முறை இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது கலிஃபோர்னியக் கரைக்கு வாருங்கள். கோடையில் பசிபிக்கின்மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் நிலைகொள்ளும். அதன் கிழக்கு விளிம்பில் காற்று வடமேற்கிலிருந்து கரையோரமாகவே வீசும். அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் நிலம் உங்கள் இடக்கைப் பக்கம், கடல் வலக்கைப் பக்கம். வலப்பக்கம் என்றால் கரையை விட்டு வெளியே. மேல்நீர் கடலுக்குள் போய்விட, அந்த இடத்தை நிரப்ப நூறு மீட்டர் அளவு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஒரு நாளைக்குச் சில மீட்டர் வீதம் மேலே வருகிறது. சத்துகளையும் அள்ளிக்கொண்டு வருவதால்தான் அங்கே மீன் அவ்வளவு செழிப்பு.

இதற்காக நீங்கள் கலிஃபோர்னியாவரை போக வேண்டியதுகூட இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் இதே நீர் மேலெழுச்சி நடக்கிறது. ஆடியில் குளச்சல் கடல் குளிர்ந்திருப்பதற்கும், பிறகு சாளை மீன் குவிவதற்கும் இதில் பங்கு உண்டு. நம் கடல் குளிர்ந்தாலும் 25 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதனால் நமக்கு மூடுபனி இல்லை.

அங்கே உண்டு. பசிபிக்கைக் கடந்து வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பட்டையைத் தொட்டதும் ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல ஈரத்தைக் கக்குகிறது. உப்புத்துகள்களைச் சுற்றித் துளிகள் உருவாகி மூடுபனியாகின்றன. உயர் அழுத்த மண்டலத்தில் மேலிருந்து இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகி, பானைக்கு மூடி போட்டதுபோல அதன்மேல் உட்காருகிறது. அதனால் அங்கே மலை ஏறினால் குளிர் குறையும். 784 மீட்டர் உயர டமால்பைஸ் மலைமேல் சுள்ளென்று வெயில் அடிக்கும். கீழே நகரம் வெண்ணிறப் பாலில் மூழ்கிக் கிடக்கும்.

சாக்ரமெண்டோ இருக்கும் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு கொதிக்கக் கொதிக்க அங்கே அழுத்தம் குறைந்து கடற்காற்றை இழுக்கிறது. கடலோர மலைத்தொடரில் அதற்குக் கிடைக்கும் பெரிய வாசல், கோல்டன் கேட் நீரிணை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படிப் பாய்கிறது என்று நாகர்கோவில்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே கதைதான் இங்கும். பிற்பகலில் அந்த நீரிணைமேல் நிற்கும் பாலத்தின் 227 மீட்டர் உயரக் கோபுரங்களின் நுனி மட்டும் பனிக்கு மேல் சிவப்பாகத் தெரியும்.

சரி, இந்தக் கோடை? அமெரிக்க வானிலைத் துறை மூன்று மாதங்களுக்கான முன்னோட்டத்தை வெளியிடுகிறது. வழக்கத்தைவிடச் சூடு, வழக்கம்போல, வழக்கத்தைவிடக் குளிர் என்ற மூன்றில் எதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் அதில் இருக்கும். வரைபடத்தில் கலிஃபோர்னியா முழுக்கச் சிவப்பாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். ‘வழக்கத்தைவிடச் சூடு’ என்பது அந்த நகரத்தில் ஓரிரு டிகிரி கூடுவதாகவே இருக்கும். வடமேற்குக் காற்று அடிக்கும்வரை கடல் தன் வேலையைச் செய்யும். காற்று திசை மாறினால்தான் ஆபத்து: 2017 செப்டம்பர் 1 அன்று நிலத்திலிருந்து காற்று வீசி, நகரின் வெப்பம் வரலாறு காணாத 41 டிகிரியைத் தொட்டது. எப்படியும் அங்கே செப்டம்பர்தான் மிகவும் வெதுவெதுப்பான மாதம். அதற்குள் கரையோரக் காற்று தளர்ந்துவிடும்.

நாளை மூடுபனி எவ்வளவு உள்ளே வரும் என்று சொல்ல, அந்தச் சூடான மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஓக்லாந்திலிருந்து நாளுக்கு இருமுறை விடப்படும் பலூன்தான் அதை அளக்கிறது. 2025-ல் ஆட்குறைப்பு காரணமாக அமெரிக்காவில் வேறு சில நிலையங்களில் பலூன் விடுவது குறைக்கப்பட்டது என்று படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. நான்சென் பயணத்தின் பெரும்பகுதிச் செலவை நார்வே நாடாளுமன்றம்தான் கொடுத்தது. துருவம் தேடிக் கொடுத்த பணத்தில், குளச்சலில் சாளை குவிவதற்கான விளக்கம் கிடைத்தது. அளவெடுப்பதில் மிச்சம் பிடிப்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட வேண்டாம். ஒரு நாள் காலையில் மகளோடு மூயர் உட்ஸ் என்ற ரெட்வுட் காட்டுக்கு (நம் ஊர்ச் செம்மரமல்ல, வானுயர வளரும் ஊசியிலை மரம்) போய் வாருங்கள். கோடையில் அங்கே மழை அநேகமாக இல்லை. ஆனால் மூடுபனி நாளில் மரத்தடியில் நின்றால், இலைகளில் படிந்த பனி சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். கடலோர ரெட்வுட் காடுகளுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான் என்று தாவரச் சூழலியலாளர் டாட் டாசன் அளந்து 1998-ல் எழுதினார். மரத்தடி மண்ணைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். நாலடி தள்ளி, வெட்டவெளியில் மண் காய்ந்திருக்கும்.