பூட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது?

பென் டிரைவில் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே யாரோ அதை உருவிவிடுகிறார். இயக்குதளத்தில் அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர், அதன் விவரங்களை நினைவகத்தில் ஒரு பதிவாக வைத்திருக்கிறது. சாதனம் போய்விட்டதால் பதிவை அழித்து இடத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் எழுதச் சொல்லி அனுப்பிய கோரிக்கைகள் சில இன்னும் முடியவில்லை. அவை ஒவ்வொன்றிடமும் அதே பதிவின் முகவரி இருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் பூட்டைத்தான் நாடுவார்கள். ஒரே தரவை இருவர், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரு நிரல்கள், ஒன்றாகத் தொடாமல் தடுக்க 1965இலேயே கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வழி சொன்னார். அதன் வழிவந்த பூட்டுகள் இன்று இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முழுக்க இருக்கின்றன. ஆனால் டிரைவர்களில் அந்தப் பூட்டு பெரும்பாலும் பதிவுக்குள்ளேயே இருக்கும். அழிக்க வந்தவர் பூட்டைப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் அதற்காகக் காத்திருக்கிறார். முதலாமவர் பூட்டை விட்டுவிட்டுப் பதிவை அழிக்கிறார். காத்திருந்தவர் இப்போது பிடிக்கப்போவது, இல்லாத பதிவில் இருந்த பூட்டை. வீடே இடிந்த பிறகு கதவுப் பூட்டால் என்ன பயன்?

பூட்டு முறை வைத்து உள்ளே விடும், அவ்வளவுதான். பதிவு உயிரோடு இருப்பதற்கு அது பொறுப்பல்ல. அந்த வேலைக்குத் தனியாக ஓர் எண்ணிக்கை வேண்டும். பதிவைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் ஒன்று கூட்டி, முடித்ததும் ஒன்று கழிக்க வேண்டும். எண்ணிக்கையைச் சுழியாக்கியவரே (பூஜ்யமாக்கியவரே) பதிவை அழிக்க வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. எண்ணிக்கை சுழியாகிவிட்டது, ஆனால் பதிவு இன்னும் சாதனப் பட்டியலை விட்டு நீங்கவில்லை. அந்த இடைவெளியில் ஒருவர் அதைக் கண்டெடுத்துச் சுழியை ஒன்றாக்கினால், சாகப்போகும் பதிவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் லினக்ஸ் இயக்குதளத்தில் 'சுழியாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு' என்று தனிச் செயல்பாடே இருக்கிறது.

எனக்கு மிகவும் அச்சமூட்டுவது காலக்கெடுப் போட்டிதான். லினக்ஸில் வட்டுக்கு அனுப்பிய கோரிக்கைக்கு வழக்கமான கெடு 30 வினாடி. கெடு முடிந்ததும் கணினியின் ஒரு செயலி (CPU) கோரிக்கையைக் கைவிடத் தொடங்குகிறது. அதே நொடியில் வட்டு விழித்து, 'முடித்துவிட்டேன்' என்று இன்னொரு செயலிக்குச் செய்தி அனுப்புகிறது. கோரிக்கையை முடித்துவைக்கும் பொறுப்பு தன்னுடையதென்றே இரண்டும் நினைக்கின்றன. யார் முந்தினார் என்பதைப் பிரிக்க முடியாத ஒரே செயலால் தீர்மானிக்காவிட்டால், ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்படும். கைவிட்டதை வட்டுக்குச் சொல்லி உறுதி பெறாமல் இடத்தை விடுவித்தால் இன்னும் மோசம்: செயலியின் துணையின்றி நேராக நினைவகத்தில் எழுதும் வட்டு, இப்போது வேறொருவருக்குச் சொந்தமான இடத்தில் எழுதிவிடும். பிழை ஒரு மூலையில் இருக்கும், கணினி வேறொரு மூலையில் விழும்.

இவற்றைப் பிடிக்க, சோதனைக் கெர்னலில் விடுவித்த நினைவகத்தை 6பி (6b) என்ற பதினாறடிமான எண்ணால் நிரப்பிவைப்பார்கள். கணினி முடங்கியபோது பதிவான முகவரியில் 6பி6பி6பி6பி என்று தொடர்ந்து வந்தால், செத்ததை யாரோ தொட்டிருக்கிறார்கள். 2015இல் லினக்ஸில் சேர்ந்த காசன் (KASAN) என்ற கருவி இன்னும் தெளிவாகச் சொல்லும்: தொட்டவர், ஒதுக்கியவர், விடுவித்தவர் என மூவரும் நிரலில் வந்த வழித்தடத்தையும் அச்சிடும். நான் முதலில் படிப்பது மூன்றாவது தடத்தை. தொட்டவர் பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டவர் மட்டுமே. அவசரப்பட்டு விடுவித்தவரிடம்தான் பிழை இருக்கும்.