ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை: ஸ்டிக்கரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

ரோட்டோரக் கடையில் 350 ரூபாய்க்கு ஒரு ஹெல்மெட் வாங்கினேன். பின்பக்கம் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து நகத்தால் சுரண்டினால் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதில் எண் எதுவும் இல்லை, வெறும் முத்திரைதான்.

இப்படி விற்பது குற்றம். இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜூன் 1 முதல் கட்டாயம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 நவம்பரில் வெளியிட்ட தரக்கட்டுப்பாட்டு ஆணை அது. ஐஎஸ் 4151 என்ற தரத்துக்கு ஏற்பச் செய்து, இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸிடம் உரிமம் பெற்றுத்தான் முத்திரை குத்த முடியும். முத்திரை இல்லாததைத் தயாரிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, விற்பனைக்கு அடுக்கி வைப்பதும் தவறு. 2016-ம் ஆண்டு பிஐஎஸ் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது முதல் தடவைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பார்த்தால் எல்லா ஹெல்மெட்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது? சிக்கலே அங்கேதான். வெளி ஓடு ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக்காக இருக்கும், இல்லாவிட்டால் ஃபைபர் கிளாஸ். மட்டமான பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்தாலும் பெயின்ட் அடித்தபின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற பரிசோதனைக் கூடங்களில் பிளாஸ்டிக்கின் வலுவைப் பார்ப்பது இப்படித்தான்: டம்பெல் வடிவில் வெட்டிய துண்டை இரண்டு பக்கமும் பிடித்து, அறும் வரை இழுப்பார்கள். இன்னொரு துண்டில் சின்ன வெட்டுப் போட்டு, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. உடைக்க எவ்வளவு ஆற்றல் போயிற்று என்பதுதான் கணக்கு. அறை வெப்பம் வழக்கமாக 23 டிகிரி. வெயிலில் இளகுவதும் குளிரில் நொறுங்குவதும் பிளாஸ்டிக்கின் குணம், அதனால் வெப்பம் மாறினால் விடையும் மாறிவிடும்.

முழு ஹெல்மெட்டுக்குச் சோதனை இன்னும் கடுமை. தலை மாதிரி ஒன்றில் மாட்டி மோதவிட்டு, உள்ளே எவ்வளவு அதிர்ச்சி போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். கூர்முனை வெளி ஓட்டைத் துளைக்கிறதா, பக்கவாட்டில் அழுத்தினால் நசுங்குகிறதா, வெடுக்கென்று இழுத்தால் தாடைப் பட்டை தாங்குகிறதா என்பதும் உண்டு. சூட்டிலும் குளிரிலும் வைத்து எடுத்த ஹெல்மெட்டுகளையும் மோதவிடுவார்கள். ஓடு அடியைப் பரப்பிவிடும், உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி அதை வாங்கிக்கொள்ளும். நசுங்கியது பழையபடி எழும்பாது. பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டியதுதான்.

வாங்கும்போது செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நிறுவனத்தின் பெயர், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்ற விவரம் எல்லாம் வரும். பெயர் பொருந்தாவிட்டால் அந்தச் செயலியிலேயே புகாரும் கொடுக்கலாம். ஐஎஸ் 2925 என்று இருந்தால் வாங்காதீர்கள், அது கட்டட வேலைக்கான தொப்பி. கையோடு பில்லும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புகார் என்று போனால் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

ஓட்டுபவர் பக்கம் சட்டம் சுருக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 129-ம் பிரிவுப்படி பின்னால் உட்காருபவரும் போட வேண்டும், பட்டையும் மாட்டியிருக்க வேண்டும். மீறினால் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் 3 மாதம் முடங்கலாம்.

இன்னொன்று. கறை போக பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் அதில் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீர் போதும்.