பாட்: மோடம் வேகத்தின் அலகும் அதைச் சுற்றிய குழப்பமும்

பாட் என்பது தந்திக் காலத்து அலகு. கம்பியில் போகும் மின்குறி ஒரு விநாடியில் எத்தனை முறை புது நிலைக்கு மாறலாம் என்பதை அது அளக்கிறது. ஐந்து அலகுக் குறிமுறையை உருவாக்கி 1874-இல் தன் தந்திக் கருவிக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் எமில் போதோவின் (1845–1903) நினைவாக வந்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘போ’ என்பார்கள். நமக்கு ஆங்கில உச்சரிப்பு வழியே வந்ததால் ‘பாட்’ ஆயிற்று.

பாட் வேறு, விநாடிக்கு இத்தனை பிட் (0 அல்லது 1) என்பது வேறு. மாட்டு வண்டி ஒரு நாளில் எத்தனை நடை போகிறது என்பது பாட். மொத்தம் எத்தனை மூட்டை போய்ச் சேர்ந்தது என்பது பிட் கணக்கு. நடைக்கு ஒரு மூட்டை என்றால்தான் இரண்டும் சமம். கணினித் தகவலைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் கருவி மோடம். தொடக்க கால பெல் 103 மோடம் அப்படித்தான் இருந்தது: 300 பாட், விநாடிக்கு 300 பிட். அந்தப் பழக்கத்தில், அடுத்து வந்தவற்றையும் ‘2400 பாட் மோடம்’, ‘9600 பாட் மோடம்’ என்றே அழைத்தார்கள். வி.22பிஸ் என்ற மோடம் தரத்தில் விநாடிக்கு 2,400 பிட் போகும். ஆனால் அது 600 பாட் மட்டுமே, ஒவ்வொரு மாற்றமும் நான்கு பிட் சுமக்கிறது. 9,600 பிட் அனுப்பும் வி.32 மோடம் 2,400 பாட். கணினியின் சீரியல் போர்ட்டில் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் செருகுவாய்) ‘9600 பாட்’ என்று அமைப்பது மட்டும் சரிதான். அங்கே மின்னழுத்தத்துக்கு இரண்டே நிலை, மாற்றத்துக்கு ஒரு பிட்.

தமிழில் என்ன சொல்வது? ஆள் பெயரால் வந்த அலகுகளை நாம் பெயர்ப்பதில்லை. வோல்ட், ஆம்பியர் போலப் பாட்டும் இருக்கட்டும். அது அளக்கும் அளவைக்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும்: ‘குறியீட்டு வீதம்’. விநாடிக்கு இத்தனை பிட் என்பதைப் ‘பிட் வீதம்’ எனலாம். இரண்டையும் ‘வேகம்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதுதான் குழப்பத்துக்கு வழி. மோடத்துக்கு ‘இணக்கி’ என்ற சொல் புழங்குகிறது. அது வழக்கில் இருக்கலாம். ஆனால் கருவி செய்யும் வேலையைக் காட்டுவது மேல்நிலை இயற்பியல் பாடநூலில் உள்ள ‘பண்பேற்றம்’, ‘பண்பிறக்கம்’ என்ற இணைதான். மோடம் என்ற பெயரே அந்த இரண்டின் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டியது.

இனி டிஜிட்டல் இணைப்புக்கும் மோடத்துக்கும் இடையிலான கணக்கு. தொலைபேசி நிலையத்தில் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறார்கள். ஆக ஓர் அழைப்புக்கு விநாடிக்கு 64,000 பிட், அதுவே ஒரு தடம். அமெரிக்காவின் டி1 இணைப்பு இப்படி 24 தடங்களைச் சேர்த்து, சட்டகத்துக்கு (தடத்துக்கு ஓர் அளவாக 24 அளவுகள் சேர்ந்த தொகுப்பு) ஒரு பிட் வீதம் 8,000 பிட்டையும் கூட்டி, விநாடிக்கு 15,44,000 பிட் கொண்டுபோகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் உள்ள ஈ1 இணைப்பில் 32 தடம், 20,48,000 பிட். அவற்றில் 30 தடம் அழைப்புகளுக்கு.

‘ஒரு டி1 எத்தனை 56கே மோடத்துக்கு (விநாடிக்கு 56,000 பிட்) சமம்?’ என்ற கேள்விக்குப் பலரும் 15,44,000-ஐ 56,000-ஆல் வகுத்து 27.6 என்பார்கள். கொள்ளளவை ஒப்பிட இந்த விடை போதும். ஆனால் இணைய நிறுவனத்தின் டி1 இணைப்பில் டயல் செய்து ஒரே நேரத்தில் நுழையக்கூடியவர்கள் 24 பேர்தான். பழைய 300 பிட் மோடமாக இருந்தாலும் அந்த அழைப்பு 64,000 பிட் தடம் ஒன்றை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். ஈ1-இல் வகுத்தால் 36.6, உள்ளே வருபவர்கள் 30 பேர். இந்தியாவில் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பிறகு, டயல்-அப் காலத்தில் பலரும் கேட்டுச் சலித்த ‘பிஸி’ ஒலிக்குப் பின்னால் இருந்தது இந்தத் தட எண்ணிக்கைதான். மோடத்தின் வேகம் அல்ல.

56,000 என்ற எண்ணும் அந்த 64,000-த்திலிருந்தே வந்தது. இரு முனையும் அனலாக் என்றால், குரலைப் படிகளாக வெட்டும்போது எழும் இரைச்சல் மோடத்தை 33,600-க்கு மேல் விடாது. 1998-இல் வந்த வி.90 தரம் இணைய நிறுவனத்தின் முனை டிஜிட்டலாக இருப்பதைப் பயன்படுத்தி, விநாடிக்கு 8,000 குறியீடுகளை நேராக அனுப்பியது. எட்டாவது பிட்டை மட்டும் நம்ப முடியவில்லை. அமெரிக்க இணைப்புகளில் அழைப்புச் சைகைக்காக அதை அவ்வப்போது எடுத்துக்கொள்வார்கள். மிகச் சிறிய படிகளோ வீட்டுக் கம்பியின் இரைச்சலில் கரைந்துவிடும். மிச்சம் 7 பிட், 8,000 குறியீடு: 56,000. அதுவும் இறக்கும்போது மட்டுமே. ஏற்றும்போது பழைய 33,600-தான். அமெரிக்காவில் மின்திறன் வரம்பால் இறக்க வேகமும் 53,300-ஐத் தாண்டவில்லை.

கோப்புக் கணக்குப் போடும்போது பைட்டை எட்டால் பெருக்க வேண்டும். 1 மெகாபைட்டை 80 லட்சம் பிட் எனக் கொண்டால் 56,000-இல் 143 விநாடி. டி1-இல், சட்டகப் பிட்டுகளைக் கழித்த 15,36,000-இல், 5.2 விநாடி. அதே மெகாபைட்டை 1,024 பெருக்கல் 1,024 பைட் என்று எடுத்தால் 83,88,608 பிட் வரும், மோடத்தில் 150 விநாடி பிடிக்கும். இணைப்பு வேகத்தில் ‘கிலோ’ எப்போதும் ஆயிரமே.