பனி கொட்டினால் பள்ளிக்கு விடுமுறையா? இங்கிலாந்தில் முடிவெடுப்பது யார், பெற்றோருக்கு என்ன உரிமை

இத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்தால் பள்ளியை மூடியாக வேண்டும் என்று இங்கிலாந்தில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வானிலைத் துறையான மெட் ஆபீஸ் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால்கூடப் பள்ளிகள் தானாக மூடிவிடாது. திறப்பதா வேண்டாமா என்று அன்று காலை முடிவு செய்பவர் அந்தந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அகாடமி பள்ளி (கவுன்சிலின் கீழ் வராமல் அரசு நிதியில் நடக்கும் பள்ளி) என்றால் அதை நடத்தும் டிரஸ்டோடும் பேசிக்கொள்வார். உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் ஆலோசனை சொல்லும், மூடிய பள்ளிகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் போடும், அவ்வளவே. ஒரே வீட்டில் அக்காவின் செகண்டரி பள்ளி மூடியிருக்க, தம்பியின் பிரைமரி பள்ளி திறந்திருப்பது இதனால்தான். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் கல்வி அங்குள்ள அரசுகளின் கையில் இருக்கிறது. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

அதற்காகத் தலைமை ஆசிரியர் நினைத்தபடி மூடிவிடவும் முடியாது. பாதுகாப்பாகத் திறக்க முடிந்தால் திறந்து வையுங்கள், முடிந்த அளவு அதிகப் பிள்ளைகளுக்குத் திறந்து வையுங்கள் என்பதுதான் கல்வித் துறை பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதல். பாதி ஆசிரியர்கள் வரவில்லையா, இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைக்கலாம். உதவி ஆசிரியர்களைப் பயன்படுத்தலாம். எல்லாருக்கும் முடியாவிட்டால் சில வகுப்புகளுக்கு மட்டும் திறக்கலாம். ரிசப்ஷன் (பள்ளியின் முதல் வகுப்பு), இயர் 1, இயர் 2 ஆகிய சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் ஒரு ஆசிரியருக்கு 30 பேர் என்ற சட்ட வரம்பு இருக்கிறது. அதற்கு மேலே உள்ள வகுப்புகளுக்கு அப்படி ஒரு எண் சட்டத்தில் இல்லை. ஆகவே "ஆசிரியர்கள் குறைவு" என்பது மட்டுமே மூடுவதற்குப் போதுமான காரணம் ஆகாது.

அந்தக் காலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் முடிவுகள் ஏன் அப்படி வருகின்றன என்பது புரியும். விடியும் முன்பே பள்ளியின் பராமரிப்பாளர் வந்துவிடுவார். முதலில் பாய்லரைப் பார்ப்பார். அது ஓடவில்லை என்றால் பேச்சே இல்லை. வேலை செய்யும் இடம் குறைந்தது 16 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. பல பள்ளிகள் "பனியால்" மூடும்போது உள்ளே போய்ப் பார்த்தால் வெடித்த குழாயோ நின்றுபோன பாய்லரோதான் காரணமாக இருக்கும். பாய்லர் சரி என்றால் கேட்டிலிருந்து வாசல் கதவு வரை ஒரு பாதையை மட்டும் சுரண்டி உப்பு போடுவார். விளையாட்டு மைதானம் முழுவதையும் யாராலும் சுத்தம் செய்ய முடியாது, அதைக் கயிறு கட்டி அடைத்துவிடுவார்கள். அதே நேரம் தலைமை ஆசிரியர் தொலைபேசியில் இருப்பார். யார் வரமுடியும், சமையலுக்குப் பொருள் வருமா, முதலுதவி தெரிந்தவர் ஒருவராவது இருப்பாரா. இந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் நம் போனுக்கு மெசேஜ் வருகிறது.

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். டொராண்டோவில் பள்ளி பஸ்ஸை ரத்து செய்வார்கள், பள்ளியைத் திறந்தே வைப்பார்கள், மூடுவது அபூர்வம். (2022 ஜனவரி 17 அன்று அங்கேயும் மூட வேண்டி வந்தது.) ஆனால் அங்கே காருக்குக் குளிர்கால டயர் போடுவது பரவலான பழக்கம், சாலையைச் சுத்தம் செய்ய இயந்திரப் படையே இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. பனியும் உறைபனியும் பாதைக்கு ஆபத்தாகிவிடாமல், நியாயமாக முடிந்த அளவு பார்த்துக்கொள்ளும் கடமை சாலை நிர்வாகத்துக்கு உண்டு என்று 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. ஆனால் உப்பு வண்டி முதலில் போவது பெரிய சாலைகளுக்கும் பஸ் போகும் பாதைகளுக்கும்தான். பள்ளி இருக்கும் உள்தெரு அப்படியே கிடக்கும். போதாததற்கு, லண்டன் வீட்டு வாடகையைக் கட்ட முடியாமல் வெகு தூரத்திலிருந்து வந்து போகும் ஆசிரியர்கள் நிறையப் பேர். 2009 பிப்ரவரி 2 அன்று லண்டனில் பஸ்கள் மொத்தமாக நிறுத்தப்பட்டன, பள்ளிகளும் ஏராளமாக மூடின. 2018 பிப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து வந்த கடுங்குளிரில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகள் மூடின. அப்படிப்பட்ட நாளில் திறந்து வைப்பதை வீரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாடம் போய்விடுமே என்ற கவலைக்கு வருகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிள்ளைகளின் பல ஆண்டுத் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு ஜோஷுவா குட்மன் என்ற பொருளியலாளர் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பனிக்காகப் பள்ளி மொத்தமாக மூடிய நாட்கள் மதிப்பெண்ணைப் பாதிக்கவில்லை; பள்ளி திறந்திருந்தும் பிள்ளை வராமல் போன நாட்கள் பாதித்தன என்பது அவர் கண்டது. யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஒரு நாளை இழந்தால் மறுநாள் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பாதி வகுப்பு வந்து பாதி வராவிட்டால் யாருக்காக எதை நடத்துவது? மேரிலாந்து மாநிலத்தைப் பற்றிய வேறு ஆய்வுகள், பனி அதிகமாக விழுந்த குளிர்காலங்களில் தேர்ச்சி குறைந்ததைக் காட்டின என்பதையும் சொல்ல வேண்டும். நாட்கள் கூடிக்கொண்டே போனால் இழப்பு இழப்புதான். ஆனால் இங்கிலாந்தில் வழக்கமாக நடப்பது ஒரு குளிர்காலத்தில் ஓரிரு நாள்.

ஆகவே ஒரு நாள் மூடுவதா என்ற கேள்வியைப் பாடக் கணக்கில் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாதை பாதுகாப்பா, மூடினால் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டும்தான் கேட்க வேண்டியவை. வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை செய்யும் பெற்றோருக்குப் பனி விடுமுறை ஒரு சந்தோஷம். கேர் ஹோமில் இரவு ஷிஃப்ட் முடித்து ஏழரைக்கு வெளியே வரும் அம்மாவுக்கும், பெட்ரோல் பங்கில் ஆறு மணிக்குக் கடை திறந்த அப்பாவுக்கும் அது அப்படி இல்லை. எனக்குக் கோபம் வருவது மூடுவதைப் பார்த்து அல்ல, எட்டேகால் மணிக்கு மூடுவதைப் பார்த்து. பிள்ளைக்குச் சீருடை போட்டு, பூட்ஸ் மாட்டி, வழுக்கும் தெருவில் கேட் வரை கூட்டிக்கொண்டு வந்த பிறகு "இன்று பள்ளி இல்லை" என்று ஒட்டிய காகிதத்தைப் படிக்க வைப்பது அநியாயம். முதல் நாள் இரவே எச்சரிக்கை வந்துவிடுகிறது. அப்போதே "நாளை மூட வாய்ப்பு உண்டு, ஆறரைக்குள் உறுதியாகச் சொல்கிறோம்" என்று ஒரு வரி அனுப்புவதில் எந்தக் கஷ்டமும் இல்லை. உங்கள் பள்ளி இதைச் செய்யவில்லை என்றால் பள்ளி அலுவலகத்திலும் பெற்றோர் கவர்னர்களிடமும் (பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருப்பவர்கள்) கேளுங்கள். அவசர காலத் திட்டம் ஒன்றை ஒவ்வொரு பள்ளியும் வைத்திருக்க வேண்டும், அதில் பெற்றோருக்கு எப்படித் தகவல் போகும் என்பதும் இருக்க வேண்டும்.

வருகைப் பதிவேட்டில் என்ன போடுவார்கள்?

இதில்தான் பெற்றோருக்குக் குழப்பம் அதிகம். 2024 ஆகஸ்ட் முதல் புதிய வருகைப் பதிவு விதிகள் நடப்பில் இருக்கின்றன. எதிர்பாராத காரணத்தால் பள்ளி முழுவதும் மூடினால் பதிவேட்டில் ஒய்4 (Y4) என்ற குறியீட்டைப் போடுவார்கள். ஒரு பகுதி மட்டும் மூடி உங்கள் பிள்ளையை வர வேண்டாம் என்றால் ஒய்3. பள்ளி திறந்திருக்கிறது, ஆனால் கவுன்சிலோ பள்ளியோ ஏற்பாடு செய்த பஸ்ஸோ டாக்ஸியோ வரவில்லை, வீடும் நடந்து போகும் தூரத்தில் இல்லை என்றால் ஒய்1. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட வண்டியில்தான் போகிறார்கள், அவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நடந்து போகும் தூரம் என்பது 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 மைல், அதற்கு மேல் 3 மைல். பொதுப் போக்குவரத்தே பரவலாக முடங்கும் அளவுக்கு நெருக்கடி வந்து அதனால் போக முடியாவிட்டால் ஒய்2.

இந்த ஒய் வரிசைக் குறியீடுகள் எதுவும் பிள்ளை லீவு போட்டதாகக் கணக்கில் சேராது. வருகைச் சதவீதம் குறையாது. அபராதத்துக்கும் வழி இல்லை.

சிக்கல் வருவது பள்ளி திறந்திருந்து, பஸ்ஸும் ஓடி, "ரோடு சரியில்லை, நாங்கள் அனுப்பவில்லை" என்று நாமே முடிவெடுக்கும்போது. அப்போது தலைமை ஆசிரியர் அனுமதியில்லாத விடுப்பு என்று ஓ (O) குறியீடு போடலாம். பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத அரை நாட்கள் 10 சேர்ந்தால் அபராதம் பற்றி யோசிக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. முதல் முறை அபராதம் 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, 28 நாட்களுக்குள் என்றால் 160 பவுண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனி. ஒரு பனி நாள் என்பது இரண்டு அரை நாள்தான். ஆனால் அக்டோபரில் ஊருக்குப் போக நாலு நாள் அனுமதியில்லாமல் எடுத்திருந்து, அதன்பின் பத்து வாரத்துக்குள் பனி வந்தால் கணக்கு சரியாக அங்கே போய் நிற்கும். அதனால் சும்மா இருக்காமல் காலையிலேயே பள்ளிக்குப் போன் செய்து காரணத்தைச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் நிலையைப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் பிள்ளை வரவில்லை என்பதை 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே ஒரு நியாயமாக ஏற்கிறது. என்ன குறியீடு போட்டார்கள் என்று பிறகு கேட்டு, தவறு என்றால் திருத்தச் சொல்லலாம்.

வேலை இடத்தில் உங்கள் உரிமை

1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தில் 57ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு திடீரென்று குலைந்துபோனால், அதைச் சமாளிக்க நியாயமான அளவு நேரம் வேலையிலிருந்து எடுக்கலாம். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. பனியால் பள்ளி மூடுவது இதற்கு நேரடியாகப் பொருந்தும். முடிந்த அளவு சீக்கிரம் மேலாளரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்றும் சொல்ல வேண்டும். மெசேஜாக அனுப்பினால் பின்னால் ஆதாரமாக இருக்கும். இந்த நேரத்தை எடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்குவதும், ஷிஃப்டைக் குறைத்துப் பழிவாங்குவதும் சட்டவிரோதம்.

சம்பளம் கிடைக்குமா? சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. "நியாயமான அளவு" என்பதும் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளும் வரைதான், பெரும்பாலும் ஓரிரு நாள். வாரம் முழுக்க வீட்டில் இருக்க இது உதவாது. இன்னொன்று, இந்த உரிமை சட்டம் "ஊழியர்" என்று சொல்பவர்களுக்கு மட்டும். ஏஜென்ஸி மூலம் போகிறவர்கள் பலரும், ஜீரோ ஹவர் ஒப்பந்தத்தில் (இத்தனை மணி நேர வேலை என்ற உறுதி இல்லாதது) இருப்பவர்கள் சிலரும் அந்த வகையில் வரமாட்டார்கள். யாருக்கு இந்த உரிமை மிகவும் தேவையோ அவர்களே வெளியே நிற்கிறார்கள். இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்றே நினைக்கிறேன். நீங்கள் எந்த வகை என்று தெரியாவிட்டால் வேலை உரிமைகள் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பின் உதவி எண்ணில் கேட்கலாம்.

சாப்பாடு, ஆன்லைன் பாடம், ஈடு செய்யும் நாள்

குறைந்த வருமானத்தின் அடிப்படையில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளை வீட்டிலிருந்து படிக்கும்போது உணவுப் பொதி கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு கல்வித் துறை பள்ளிகளிடம் சொல்லியிருக்கிறது. பனி கொட்டும் முதல் நாளே அது வீடு வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது, இரண்டாவது நாளும் மூடினால் தயங்காமல் கேளுங்கள். லண்டனில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து மேயர் நிதியில் பிரைமரி பிள்ளைகள் எல்லாருக்கும் மதிய உணவு இலவசம் என்பதால், வருமான அடிப்படையிலான விண்ணப்பத்தைப் பலர் போடுவதே இல்லை. தகுதி இருந்தால் போட்டு வையுங்கள், உணவுப் பொதி அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது. அரசு உதவித்தொகை பெறக்கூடாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருக்கும் குடும்பங்களும் வருமானம் குறைவாக இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். அதனால் விசாவுக்குப் பாதகம் இல்லை.

ஆன்லைன் பாடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கடைசி வழி, பள்ளிக்கு மாற்று அல்ல என்கிறது கல்வித் துறை. கொடுத்தால் இயர் 1, 2க்கு நாளுக்குச் சராசரி 3 மணி நேரம், இயர் 3 முதல் 6 வரை 4 மணி, செகண்டரியில் இயர் 11 வரை 5 மணி என்பது எதிர்பார்ப்பு. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே ஒரு போன் இருக்கும் வீட்டில் இது நடக்காது. பள்ளியிடம் சொன்னால் தாளில் கொடுப்பார்கள்.

கவுன்சில் பள்ளிகள் ஆண்டுக்கு 190 நாள், அதாவது 380 அரை நாள் நடக்க வேண்டும். பனியால் குறைந்தால், முடிந்தால் ஈடு செய்ய வேண்டும், நடைமுறையில் முடியாவிட்டால் கட்டாயம் இல்லை. ஆகவே ஈஸ்டர் விடுமுறையை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து டிக்கெட்டை மாற்ற வேண்டாம்.

நவம்பர் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் உங்கள் கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிம் மாற்றியிருப்போம், பள்ளியில் பழைய எண்ணே இருக்கும்; காலை ஆறரை மணி மெசேஜ் அந்த எண்ணுக்குத்தான் போகும். அவசரத்துக்கு இரண்டாவது தொடர்பாகப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவர் பெயரைக் கொடுங்கள். பள்ளி நடுப்பகலில் மூடினால் நடந்தே வந்து பிள்ளையைக் கூட்டிப்போக முடிகிறவராக அவர் இருக்க வேண்டும்.